வளைந்த ஓடுகளின் வலிமை

நெடுங்கேணி என்னும் எமது ஊரின் பெயரிலேயே கேணி உண்டு. ஆகவே கிணற்றிலிருந்தே தொடங்குவோம். வட்டமாகக் கட்டப்பெற்ற கிணற்றுச் சுவர் சூழ்ந்த மண்ணின் அழுத்தத்தை எங்ஙனம் தாங்குகின்றது? நேர்ச்சுவராயின் உட்புறம் வளைந்து முறியக்கூடும். வட்டச் சுவரிலோ கல்லும் கல்லும் ஒன்றையொன்று நெருக்கி அழுத்தத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. முட்டையோடு, மட்பானை, குவிமாடம், அனல்மின் நிலையக் குளிர்கோபுரம் ஆகியனவும் வளைவினாலேயே வலிமை பெறுகின்றன. இத்தகையவற்றைப் பொறியியலார் ஓட்டமைப்புகள் என்பர்.

எனினும் இவ்வலிமைக்கு ஓர் எல்லையுண்டு. குவிந்த தகர மூடியை விரலால் அழுத்தினால் சிறிது தாங்கும். பின்னர் 'டக்' என்று குழிந்துவிடும். வடிவம் மாறுந்தோறும் அதன் விறைப்பும் மாறுவதே காரணம். கோளவோடு குழியும் அழுத்தத்துக்கு 1915இல் சொயெலி ஒரு சூத்திரம் வகுத்தார். சோதனையிலோ ஓடுகள் அதனினும் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே குழிந்தன. 1939இல் வொன் கார்மனும் சியெனும் பெரிய உருமாற்றத்தைக் கணக்கிற்கொண்டு இதற்கு விளக்கம் தேடினர். வடிவத்திலுள்ள சிறு குறையும் வலிமையைப் பெரிதும் குறைக்குமென 1945இல் கொயிற்றர் காட்டினார்.

வளைந்த ஓட்டை முழுதாகக் கணித்தல் அரிது. ஆதலின் அதனைச் சிறு துண்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றின் விறைப்பையும் கண்டு, அனைத்தையும் இணைத்துக் கணனியால் தீர்க்கின்றனர். இதற்கு முடிவுள்ள மூலக முறை என்ற பெயரை 1960இல் வழங்கியவர் கிளவ் என்னும் பேராசிரியர். உருமாற்றம் பெரிதாயின் விறைப்பே விடையைச் சார்ந்துவிடுகின்றது. எனவே சுமையைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் புதிய வடிவத்தைக்கொண்டு, உள்விசையும் புறவிசையும் சமனாகும்வரை திரும்பத் திரும்பக் கணிப்பர். மூடி குழியும் கட்டத்திற் சுமையை மட்டும் கூட்டிச் செல்லல் பயன்படாது. சமநிலைப் பாதையில் அங்கே சுமை குறைய வேண்டும். சுமையையும் இடப்பெயர்ச்சியையும் சேர்த்தே கட்டுப்படுத்தும் வழியை றிக்ஸ் முதலியோர் 1970களில் வகுத்தனர்.

மாணவர் இங்கு ஒன்றை மறத்தலாகாது. 1965 நவம்பர் 1ஆம் நாள் இங்கிலாந்தின் பெரிபிறிட்ஜ் மின்நிலையத்தில் எட்டுக் குளிர்கோபுரங்களுள் மூன்று புயற்காற்றில் வீழ்ந்தன. காற்றின் சுமை குறைவாக மதிக்கப்பட்டிருந்தது. கோபுரங்கள் நெருங்கி நின்றமையால் காற்றின் தாக்கம் மிகுந்தமையும் கருதப்படவில்லை. துண்டங்களை எத்துணை நுண்ணியனவாகப் பகுப்பினும், இட்ட சுமை பிழையாயின் விடையும் பிழையே. சமன்பாட்டைக் கணனி தீர்க்கும். காற்றையும் மண்ணையும் கட்டுவோர் கைக்குறையையும் அறிந்து அதனிடம் கொடுத்தல் நம் கடன்.