வீட்டோடு புறப்படும் முதியோர்

நத்தை தன் வீட்டைச் சுமந்தே திரிகின்றது. அவுஸ்திரேலியாவிலே உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய கணவனும் மனைவியும் பலர் அவ்வாறே வீட்டோடு புறப்பட்டு விடுகின்றனர். அந்நாட்டார் இவர்களை ‘நரைத்த நாடோடிகள்’ என விளையாட்டாக அழைப்பர். தெற்கிலே குளிர் தொடங்கும் ஜூன் மாதத்தில் வடக்கின் வெயிலை நாடுவோர் ஒரு சாரார். தென்கரை வழியே மேற்கு நோக்கிச் செல்வோர் மற்றொரு சாரார். பின்னவரின் பயணமே கடினமானது.

அவர்களுடைய மோட்டார் வண்டிக்குள் கட்டில், குசினி, மலசலகூடம் யாவும் உண்டு. கூரையிலுள்ள தகடுகள் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் தருகின்றன. ஆயினும் அந்த வீட்டிற்கு நிறைக் கட்டுப்பாடு உண்டு. சாதாரண கார் அனுமதிப்பத்திரம் உடையவர், சுமையோடு சேர்த்து 4.5 தொன்னுக்கு மேற்படாத வண்டியையே செலுத்தலாம். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம் அன்றோ? 150 லீற்றர் நீரை ஏற்றினால் இரண்டு பெரிய மனிதரை ஏற்றியதற்கு ஒப்பாகும். ஆகவே எதனைக் கொண்டு செல்வது, எதனை விட்டுச் செல்வது என்பதிலேதான் தம்பதிகளிடையே முதற் பிணக்கு எழுகின்றது போலும்.

செடுனா என்னும் ஊரைக் கடந்தால் நல்லபோர் சமவெளி. ‘மரமில்லாதது’ என்பது இலத்தீன் மொழிவழி அதன் பொருள். செடுனாவிலிருந்து நோர்ஸ்மன் வரை ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர் தூரம். இந்த நெடுஞ்சாலை 1976 ஆம் ஆண்டிலேதான் முழுவதும் தார் இடப்பட்டது. இடையிலே கடல் செங்குத்துப் பாறைகளின் அடியில் மோதுகின்றது; குளிர்காலத்தில் தாய்த் திமிங்கிலங்கள் குட்டிகளுடன் கரையோரம் மிதப்பதை மேலிருந்தே காணலாம். அப்பால் மேற்கு அவுஸ்திரேலிய எல்லை. பயிர்ப் பூச்சிகள் பரவாதிருக்கும் பொருட்டு அங்கே பழங்களையும் மரக்கறிகளையும் தேனையும் அதிகாரிகள் எடுத்துக் கொள்வர். விஷயம் அறிந்தவர் முதல்நாள் இரவே அவற்றை உண்டு தீர்த்து விடுவர்.

எல்லை தாண்டிய பின் 146.6 கிலோமீற்றருக்கு ஒரு வளைவேனும் இல்லாத சாலை வருகின்றது. மாலை மங்கியதும் கங்காருக்கள் குறுக்கே பாயுமாதலால் முதியோர் பொழுது சாயுமுன்பே வண்டியை நிறுத்துகின்றனர். இப்பெருவெளியிலே நெடுஞ்சாலையின் சில பகுதிகள் விமானம் இறங்குவதற்கெனக் கோடிட்டு வைக்கப்பட்டுள்ளன. 1928 ஆம் ஆண்டு தொடங்கிய பறக்கும் வைத்தியர் சேவை அங்கே இறங்கி நோயாளியை ஏற்றிச் செல்லும்.

நோயாளியை விமானம் கொண்டுபோகும். வண்டியை யார் கொண்டுபோவது? கணவனே நெடுகலும் ஓட்டி, மனைவி அருகிருந்து வழிப்படத்தை மட்டும் பார்த்து வந்திருப்பாளாயின், அவன் மார்பைப் பிடித்துக்கொண்டு சாயும் அந்த வேளையில் அவள் நிலை என்ன? வீட்டை விற்று வண்டி வாங்கியவர்களுக்கோ திரும்பிச் செல்லவும் வேறு வீடு இல்லை. புறப்படுமுன் இருவரும் பழகிக்கொண்டு, நாள் விட்டு நாள் மாறி ஓட்டுவோர் இவ்விஷயத்தில் புத்திசாலிகள்.

நோர்ஸ்மனில் தெற்கே திரும்பி ஏறக்குறைய 200 கிலோமீற்றர் சென்றால் எஸ்பெரன்ஸ் துறைமுகத்தில் மீண்டும் கடல் தோன்றும். பலர் அங்கே வண்டியை நிறுத்தி, சில நாள் தங்கி விடுகின்றனர்.