பைக்கின் பெண்ட் பைப்பை நீங்களே செய்யலாம்: கணக்கு கம்ப்யூட்டரில், வெல்டிங் வீட்டில்

எங்கள் வீட்டில் அப்பாவின் பழைய 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் பைக் ஒன்று இருக்கிறது. அந்த மாடல் தயாரிப்பு நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. சென்ற வருடம் அதன் பெண்ட் பைப், அதாவது இன்ஜினையும் சைலன்சரையும் இணைக்கும் வளைந்த குழாய், துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. கடை கடையாக ஏறி இறங்கியும் பொருந்தும் பைப் கிடைக்கவில்லை. "பைப் இல்லாட்டி வண்டியை எடைக்குத்தான் போடணும் தம்பி" என்றார் மெக்கானிக். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வண்டியைத் துடைத்து, கவர் போட்டு மூடிவிட்டார்.

நான் சாஃப்ட்வேர் வேலை செய்பவன். வெல்டிங் ராடைக் கையால் தொட்டதுகூட இல்லை. இருந்தாலும் வீட்டுக் கம்ப்யூட்டரையும் ஒரு சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினையும் வைத்து அந்தப் பைப்பைச் செய்து முடித்தேன். நடுவில் ஒரு முறை தோற்கவும் செய்தேன். எப்படிச் செய்தேன், எங்கே தவறினேன் என்பதை இப்போது பார்ப்போம்.

முதலில் சட்டம்

சத்தம் வருவதற்காகச் சைலன்சரை மாற்றும் கட்டுரை அல்ல இது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, சட்டம் அனுமதிக்காத மாற்றத்தைச் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். ஒலி, புகை விதிகளை மீறினால் 190(2) பிரிவின்படி 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இதனால்தான் நான் பெண்ட் பைப்பை மட்டும் பழைய அளவிலேயே செய்தேன். சைலன்சரைத் தொடவில்லை.

இன்னொன்று. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதிகள் அமலான பிறகு வந்த வண்டிகளில் புகைக் குழாயோடு கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் சேர்ந்தே இருக்கும். அவற்றில் இந்த வேலை வேண்டாம். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளுக்கு மட்டும் இது பொருந்தும்.

வளைவு எப்படி உருவாகிறது?

வீட்டில் குழாயை வளைத்தால் வளையும் இடத்தில் நசுங்கிவிடும். அதற்குப் பதிலாக நேரான குழாயைச் சாய்வாக வெட்டி, துண்டு துண்டாகச் சேர்த்து வளைவைக் கொண்டு வரலாம். போட்டோ ஃபிரேமின் மூலையைப் பாருங்கள். 90 டிகிரி மூலைக்காக இரண்டு சட்டங்களையும் தலா 45 டிகிரி சாய்வாக வெட்டியிருப்பார்கள். அதே தத்துவம்தான் இங்கும். இணைப்பில் எவ்வளவு திருப்பம் வேண்டுமோ, அதில் பாதிக் கோணத்தில் வெட்ட வேண்டும்.

என் வண்டிக்கு 90 டிகிரி வளைவு தேவைப்பட்டது. அதை 5 இணைப்புகளாகப் பிரித்தேன். ஓர் இணைப்புக்கு 18 டிகிரி. வெட்டும் கோணம் 9 டிகிரி. இணைப்புகளை அதிகமாக்கினால் வளைவு அழகாக இருக்கும், ஆனால் வெல்டிங்கும் கூடும். 32 மி.மீ. குழாயின் சுற்றளவு 100.5 மி.மீ. ஆகவே 5 இணைப்புக்கே அரை மீட்டர் நீளத்துக்கு வெல்டிங் செய்ய வேண்டும். புதியவருக்கு அதுவே அதிகம்.

எக்ஸெலில் கணக்கு

மைக்ரோசாஃப்ட் எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், எதுவானாலும் சரி. நான் பயன்படுத்திய எண்கள் இவை. குழாயின் வெளிவிட்டம் 32 மி.மீ. தகட்டின் தடிமன் 1.6 மி.மீ. வளைவின் நடுக்கோட்டு ஆரம் 75 மி.மீ. உங்கள் வண்டியின் குழாயை வெர்னியரால் அளந்து உங்கள் எண்களைப் போட்டுக் கொள்ளுங்கள். பழைய குழாயின் உள்விட்டத்தை மாற்ற வேண்டாம்.

ஒரு துண்டின் நடு நீளம் = 2 × ஆரம் × டேன்(வெட்டும் கோணம்). அதாவது 2 × 75 × 0.1584 = 23.8 மி.மீ.

அடுத்து, வெட்டும் கோட்டின் ஏற்ற இறக்கம். சாய்வாக வெட்டிய குழாயின் மேல் சுற்றிய காகிதத்தைப் பிரித்துப் பார்த்தால், வெட்டுக்கோடு நேர்கோடாக இருக்காது; அலை போல இருக்கும். அந்த அலையைத்தான் நாம் வரையப் போகிறோம். முதல் காலத்தில் 0 முதல் 360 வரை டிகிரிகளைப் போடுங்கள். இரண்டாவது காலத்தில் காகிதத்தின் மேல் உள்ள தூரம்: 100.5 × டிகிரி ÷ 360. மூன்றாவது காலத்தில் உயரம்: 16 × டேன்(9) × காஸ்(டிகிரி). விடை இப்படி வரும்.

0 டிகிரி: தூரம் 0, உயரம் +2.53
30 டிகிரி: தூரம் 8.4, உயரம் +2.19
60 டிகிரி: தூரம் 16.8, உயரம் +1.27
90 டிகிரி: தூரம் 25.1, உயரம் 0
120 டிகிரி: தூரம் 33.5, உயரம் -1.27
150 டிகிரி: தூரம் 41.9, உயரம் -2.19
180 டிகிரி: தூரம் 50.3, உயரம் -2.53

180 முதல் 360 வரை இதே உயரங்கள் தலைகீழ் வரிசையில் திரும்ப வரும்.

கவனம்: எக்ஸெலுக்கு டிகிரி தெரியாது, ரேடியன்தான் தெரியும். கோணத்தை ரேடியன்ஸ் ஃபங்ஷனுக்குள் கொடுத்த பிறகே டேன், காஸ் ஆகியவற்றைப் போடுங்கள். டேன் 9க்கு 0.158 வர வேண்டும். -0.452 என்று வந்தால் ரேடியன்ஸை மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வரைந்து பிரிண்ட் எடுத்தல்

எக்ஸெலின் சார்ட்டை அப்படியே பிரிண்ட் எடுக்காதீர்கள். அதில் ஒரு மி.மீ. ஒரு மி.மீ. ஆக வராது. லிப்ரேகேட் என்ற இலவச சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். டிராயிங் பிரிஃபரன்சஸ் பகுதியில் அலகை மில்லிமீட்டர் ஆக்குங்கள். பாலிலைன் கட்டளையை எடுத்து, எக்ஸெலில் வந்த தூரத்தையும் உயரத்தையும் புள்ளி புள்ளியாகக் கொடுத்தால் அலை கிடைத்துவிடும். 10 டிகிரிக்கு ஒரு புள்ளி போதும். அலையின் நடுவே உயரம் 0 வரும் நேர்கோட்டையும் வரையுங்கள். பிரிண்ட் பிரிவ்யூவில் ஸ்கேலை 1:1 என்று வையுங்கள்.

இங்கேதான் நான் தோற்றேன். வண்டியில் இன்ஜின் வாயிலிருந்து சைலன்சர் வாய் வரை தடித்த கம்பியை வளைத்துப் பார்த்து, அதைச் சார்ட் பேப்பரில் வைத்து வரைந்து அளவெடுத்திருந்தேன். அந்த அளவுகளை வைத்துப் பைப்பின் பக்கத் தோற்றத்தை லிப்ரேகேடில் வரைந்து, இரண்டு ஏ4 தாள்களில் பிரிண்ட் எடுத்தேன். துண்டுகளை அந்தப் பிரிண்டின் மேல் அடுக்கி ஒட்ட வைத்தேன். கச்சிதமாக இருந்தது. வண்டியில் மாட்டினால் சைலன்சருக்கு 9 மி.மீ. எட்டவில்லை!

லிப்ரேகேடில் 1:1 வைத்திருந்தேன். ஆனால் படத்தை பிடிஎஃப் ஆக்கி, வேறு கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் கொடுத்தபோது 'ஃபிட் டு பேஜ்' என்ற ஆப்ஷன் டிக் ஆகியிருந்தது. அது படத்தை 3 சதவீதம் சுருக்கிவிட்டது. 300 மி.மீ. நீளத்தில் 3 சதவீதம் என்றால் 9 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத பிழை. இரண்டு நாள் வேலை வீண்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. ஒவ்வொரு தாளிலும் 100 மி.மீ. நீளக் கோடு ஒன்றைச் சேர்த்துவிடுவேன். பிரிண்ட் வந்ததும் ஸ்டீல் ஸ்கேலால் அந்தக் கோட்டை அளப்பேன். 100 இருந்தால்தான் கத்தரிக்கோலை எடுப்பேன். பிரிண்டர் விண்டோவில் 'ஆக்சுவல் சைஸ்' அல்லது '100%' என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்.

வெட்டும் முறை

குழாயின் நீளவாக்கில் ஒரு கோடும், அதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரு கோடும் போடுங்கள். பிறகு 24.8 மி.மீ. இடைவெளியில் 5 வளையக் குறிகள். துண்டின் நீளம் 23.8தானே, எதற்கு 24.8 என்று கேட்கலாம். கட்டிங் டிஸ்க் 1 மி.மீ. தடிமன் கொண்டது, அவ்வளவு இரும்பை அது தின்றுவிடும்.

முதல் குறியில் காகிதத்தின் நேர்கோடு பொருந்தும்படி சுற்றி, அலையின் மேடு முதல் கோட்டில் வருமாறு ஒட்டி, மார்க்கரால் அலையை வரையுங்கள். அடுத்த குறியில் மேடு எதிர்ப்பக்கக் கோட்டில் வர வேண்டும். இப்படி மாற்றி மாற்றி வரைந்தால், வெட்டிய பிறகு ஒரு துண்டு விட்டு ஒரு துண்டை 180 டிகிரி திருப்பினாலே வளைவு வந்துவிடும். ஒரே வெட்டு இரண்டு துண்டுகளுக்கும் முனை ஆகிறது. குழாயை வைஸில் இறுக்கிவிட்டு கிரைண்டரால் வெட்டுங்கள். கையில் பிடித்து வெட்டவே கூடாது.

அரமா, ராடா?

முதலில் வெட்டிய துண்டுகளில் சில இடங்களில் 2 மி.மீ. இடைவெளி இருந்தது. ராடு போட்டு நிரப்பிவிடலாம் என்று நினைத்தேன். ராடை வைத்ததும் ஓரம் உருகி, 2 மி.மீ. இடைவெளி பட்டாணி அளவு ஓட்டையானது. தெருமுனை லேத் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "தம்பி, நீ வெல்டிங்ல தப்பு பண்ணல, வெட்டுனதுல பண்ணிட்ட. மெல்லிசு தகட்டுல இடைவெளி இருந்தா எங்களுக்கே ஓட்டை விழும். அரத்தைப் போட்டு ஒட்ட வை" என்றார்.

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். தகட்டின் தடிமனில் பாதிக்கு மேல், அதாவது 0.8 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் மெஷினை ஆன் செய்யாதீர்கள். இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து உள்ளே டார்ச் அடியுங்கள். வெளிச்சம் கசியும் இடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அரம் போடுங்கள். கம்ப்யூட்டரில் எவ்வளவு சரியாக வரைகிறோமோ அவ்வளவு குறைவாக அரம் போடலாம். அரத்தில் எவ்வளவு பொறுமை காட்டுகிறோமோ அவ்வளவு சுலபமாக வெல்டிங் அமையும்.

வெல்டிங்

1.6 மி.மீ. தகட்டுக்கு 2 மி.மீ. தடிமனுள்ள 6013 ராடு போதும். கரன்ட் 40 முதல் 50 ஆம்பியர். முதலில் மிச்சத் துண்டுகளில் பழகுங்கள். நான் ஒரு கட்டு ராடைப் பழகியே தீர்த்தேன்.

ஒவ்வோர் இணைப்பிலும் எதிரெதிராக நான்கு டேக் வையுங்கள். எல்லாத் துண்டுகளையும் டேக் செய்து, வண்டியில் மாட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் முழு வெல்டிங். கிக்கரை மிதித்துப் பாருங்கள், பிரேக் பெடலை அழுத்திப் பாருங்கள். எதிலும் பைப் இடிக்கக் கூடாது. முழு வெல்டிங்கையும் ஒரே மூச்சில் இழுக்காதீர்கள். ஓர் அங்குலம் போட்டு, எதிர்ப்பக்கம் ஓர் அங்குலம் என்று மாற்றி மாற்றிப் போட்டால் பைப் சூட்டில் கோணாது. ஒவ்வொரு முறையும் கசடைத் தட்டி, பிரஷ் போட்ட பிறகே அடுத்தது.

ஆபத்துகள்

வண்டியில் மாட்டியபடி வெல்டிங் செய்யவே கூடாது. பெட்ரோல் டேங்க் அருகிலேயே இருக்கிறது. மாட்டி அளவைக் குறித்துக் கொண்டு, கழற்றி வந்து தனியே செய்யுங்கள்.

ஜிஐ குழாய் வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பூச்சில்லாத இரும்புக் குழாயே நல்லது.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஸ்ப்ரே போடாதீர்கள். வெல்டிங் சூட்டில் அது பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். பிரஷ், எமரி தாள், சோப்புத் தண்ணீர் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு தொடங்குங்கள்.

9 அல்லது 10 எண் கண்ணாடி உள்ள ஷீல்டு, தோல் கையுறை, பருத்திச் சட்டை, மூடிய ஷூ அவசியம். "ஒரே ஒரு டேக்தானே" என்று நான் ஷீல்டு இல்லாமல் சிலமுறை வைத்தேன். அன்று இரவு கண்ணில் மணல் கொட்டியது போல் உறுத்தி, விடியும்வரை தூங்கவில்லை. பக்கத்தில் வேடிக்கை பார்ப்பவருக்கும் இதே கதிதான். குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசிச் சோதனை

பைப்பின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வரும் இடத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும். என் பைப்பில் முதல் சோதனையில் ஏழு இடங்களில் குமிழி வந்தது. இன்ஜின் வாயில் புதிய கேஸ்கெட் போடுங்கள். வெப்பம் தாங்கும் பெயின்ட் அடியுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பின் வண்டி ஆறியதும் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புகைப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

அப்பா கவரை எடுத்துவிட்டுக் கிக்கரை மிதித்தார். நான்காவது மிதியில் வண்டி உயிர் பெற்றது. சத்தம் பழைய சத்தம்தான். அப்பா குனிந்து வெல்டிங்கைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மேடு பள்ளமா இருக்குடா" என்றார். பிறகு மார்க்கெட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்.

முழுப் பைப்பையும் உடனே தொடங்க வேண்டாம். இந்த வாரக் கடைசியில் ஒரு பழைய இரும்புக் குழாயை அளந்து, ஒரே ஒரு இணைப்புக்கான அலையை எக்ஸெலில் போட்டுப் பிரிண்ட் எடுங்கள். வெட்டி, அரம் போட்டு, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசியவில்லை என்றால், நீங்கள் வெல்டிங் மெஷின் வாங்கத் தயார்.