கழுவாயின் எழுவாய்: கிறித்தவ இறையியலில் ஒரு சொல்விளக்கம்

தவறிழைத்தவன் அத்தவற்றைப் போக்கிக்கொள்ளச் செய்யும் செயலே கழுவாய். கழுவுதல் என்னும் வினையோடு உறவுடைய இச்சொல், புறநானூற்றின் 34-ஆம் பாடலிலேயே ஆளப்பெற்றுள்ளது. கொடுந்தீமை புரிந்தார்க்கும் கழுவாய் உண்டு; செய்ந்நன்றி கொன்றார்க்கோ உய்தியில்லை என்னும் அறநெறியை ஆலத்தூர் கிழார் அதில் எடுத்துரைக்கிறார். பிராயச்சித்தம், பரிகாரம் ஆகிய வடசொற்களும் இப்பொருளிலேயே வழங்குகின்றன. இவற்றிலெல்லாம் செயலுக்கு எழுவாய் தவறிழைத்தவனே. இப்பொருளை மட்டும் மனத்திற்கொண்டு கிறித்தவ நூல்களைப் பயில்வோர் ஓரிடத்தில் இடறுவர்.

1995-இல் வெளிவந்த திருவிவிலியம், யோவானின் முதல் திருமுகத்தில் இயேசுவையே பாவங்களுக்குக் கழுவாய் என்று குறிக்கிறது. தவறிழைத்தோர் மனிதர், கழுவாயை அளிப்பவரோ கடவுள். எழுவாய் இங்கு மாறிவிடுகிறது.

இம்மாற்றத்தின் வேர் எபிரேய மரபில் உள்ளது. பாவநிவிர்த்தி நாளில் செய்யவேண்டிய சடங்கை லேவியர் நூலின் 16-ஆம் இயல் விவரிக்கிறது. இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களுள் ஒன்று பலியிடப்படும். மற்றொன்றின் தலைமேல் தலைமைக் குரு கைகளை வைத்து, மக்களின் குற்றங்களை அறிக்கையிட்டுப் பாலைநிலத்துக்கு அனுப்புவார். சடங்கைச் செய்பவர் குருவே. எனினும், பாவநிவிர்த்திக்கான குருதியைத் தாமே அளித்திருப்பதாகக் கடவுள் அடுத்த இயலில் கூறுகிறார்.

பவுல் இக்கருத்தை உறவின் மொழியில் உரைக்கிறார். அவர் ஆளும் கிரேக்கச் சொல்லைப் பழைய தமிழ் வேதாகமம் 'ஒப்புரவாகுதல்' எனப் பெயர்க்கிறது. திருக்குறளின் 22-ஆம் அதிகாரத்தில் ஒப்புரவு என்பது உலகநடை அறிந்து பிறர்க்கு உதவுதல். கிறித்தவத் தமிழிலோ பகை நீங்கி உறவாதல். கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் ஒப்புரவாக்குபவர் கடவுள், ஒப்புரவாக்கப்படுவது உலகம். மனிதர் கடவுளை ஒப்புரவாக்கினர் என்று பவுல் எங்கும் எழுதவில்லை.

இக்கொடை எவ்வாறு பயன்தருகிறது என்பதில் இறையியலாளர் வேறுபடுவர். 1098-இல் தாம் முடித்த நூலில் அன்செல்ம், கடவுளுக்குரிய மாண்பைச் செலுத்தத் தவறிய மனிதரின் கடனைக் கடவுளும் மனிதருமான கிறித்து தீர்த்தார் என்றார். 12-ஆம் நூற்றாண்டில் அபெலார்டு, சிலுவையில் வெளிப்பட்ட அன்பு மனித உள்ளத்தை மாற்றுவதை வலியுறுத்தினார். 20-ஆம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டு ஔலேன், பாவத்தையும் சாவையும் வென்ற வெற்றியாக அதனைக் கண்டார். விளக்கங்கள் வேறாயினும் மூன்றிலும் முதலடி எடுத்துவைப்பவர் கடவுளே.

அவ்வாறாயின் தவறிழைத்தவனுக்குக் கடமை ஏதும் இல்லையா? உண்டு. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் மனத்தாங்கல் கொண்ட சகோதரனிடம் சென்று ஒப்புரவாகுமாறு மத்தேயு நற்செய்தியில் இயேசு பணிக்கிறார். கடவுள் அளித்த கழுவாயைப் பெற்றவன், பிறரோடு ஒப்புரவாவதில் தானே எழுவாயாக வேண்டும். இவ்விரு சொற்களையும் இணைத்துப் பயிற்றும்போதுதான் மாணவர்க்கு இக்கோட்பாடு முழுமையாக விளங்கும்.