படியும் தராசும் சம்சுப் போத்தலும்

சிலிபின் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கு நிறுவையைப் பற்றி நாம் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. காலையில் எடுத்த பாலை வாளியில் சுமந்து வந்து நிறுத்துக் கொடுப்பார்கள். நிறுப்பதோடு வேலை முடிந்துவிடாது. மெட்ரோலாக் என்ற மிதவைக் கோலைப் பாலில் விட்டு, அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் கோல் காட்டிக்கொடுத்துவிடும்.

இதே இரண்டு வேலைகள்தாம் விஸ்கி செய்யும் ஆலையிலும் நடக்கின்றன. முதலில் தராசு, பிறகு மிதவைக் கோல். மதுவைப் புகழ்வதற்காக நாம் இதைச் சொல்ல வரவில்லை. ஒழுங்காகச் செய்யும் இடத்தில் எத்தனை அளவு பார்க்கிறார்கள் என்று தெரிந்தால்தான், அளவே இல்லாத சரக்கின் ஆபத்து நமக்கு விளங்கும்.

விஸ்கி தானியத்திலிருந்து செய்யப்படுவது. மக்காச்சோளம், ரை, கோதுமை, பார்லி ஆகியவை அதற்கு உதவுகின்றன. பார்லியை முளைகட்டிக் காயவைத்தால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் சத்து அதில் உண்டாகிறது. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயமாக்குகிறது. அதைக் காய்ச்சி வடிக்கிறார்கள்.

எந்தத் தானியம் எவ்வளவு என்பதற்குச் சட்டமும் உண்டு. அமெரிக்காவில் போர்பன் என்று பெயரிட வேண்டுமானால், தானியத்தில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் மால்ட் விஸ்கிக்கு முளைப்பார்லியைத் தவிர வேறு தானியம் கூடாது. 2004ஆம் ஆண்டில் பெங்களூர் அம்ருத் ஆலை கிளாஸ்கோவுக்கு அனுப்பிய விஸ்கியும் அத்தகைய பார்லி விஸ்கிதான்.

இந்தப் பங்குகளைப் படியால் அளப்பதில்லை, எடையால்தான் அளக்கிறார்கள். ஏன்? ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒரே எடையா? இல்லையே! அமெரிக்காவின் புஷல் என்ற முகத்தலளவையில் மக்காச்சோளம் 56 பவுண்டு. முளைப்பார்லியோ 34 பவுண்டுதான். ஏழு புஷல் சோளமும் மூன்று புஷல் முளைப்பார்லியும் கொட்டினால், பார்வைக்கு ஏழுக்கு மூன்று. எடை போட்டால் சோளம் 392 பவுண்டு, பார்லி 102 பவுண்டு. அதாவது ஏறக்குறைய எட்டுக்கு இரண்டு! தானியத்தின் ஈரத்தையும் சோதிப்பார்கள். பாலில் தண்ணீரைப் போல, ஈரமும் எடையைக் கூட்டிக் காட்டும் அல்லவா?

வடித்த பிறகு மிதவைக் கோலின் வேலை. சாராயம் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே சாராயம் கூடக்கூடக் கோல் ஆழமாக அமிழும். ரப்பர் கூடினால் மெட்ரோலாக் அமிழ்வதும் இதனால்தான். போத்தலில் 40 விழுக்காடு என்று எழுதியிருந்தால், 700 மில்லிலிட்டரில் 280 மில்லிலிட்டர் சாராயம் என்று பொருள்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். திருட்டுத்தனமாகக் காய்ச்சிய சம்சுவுக்குத் தராசு ஏது, கோல் ஏது? அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. காசுக்கு ஆசைப்பட்டவர்கள் மெத்தனால் என்ற தொழிற்சாலைச் சாராயத்தைக் கலந்துவிடுகிறார்கள். அதன் எடை நல்ல சாராயத்தின் எடையோடு ஏறக்குறைய ஒத்திருப்பதால், மிதவைக் கோல்கூட ஏமாந்து போகும். நாக்கும் மூக்கும் கண்டுபிடிக்க மாட்டா. பற்றவைத்துப் பார்ப்பதும் பயன்படாது. ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றே வழி.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தனர். அவர்களில் பலர் பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். விஸ்கி, பீர் என்ற பெயர்களோடுதான் அந்த மது விற்கப்பட்டது. ஆகவே பெயரை மட்டும் நம்பிப் பயனில்லை. யாரோ வீட்டுப் பின்கட்டில் மலிவாக விற்கும் போத்தலைத் தொடவே கூடாது.

மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கிறது. குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் அரை நாள், ஒரு நாள் கழித்தே தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, பார்வை மங்கல், மூச்சுத் திணறல் எல்லாம் வரும். "நேற்றைய போதை, தூங்கினால் தெளிந்துவிடும்" என்று தாய்மார்கள் படுக்க வைத்துவிடாதீர்கள். மானத்துக்கு அஞ்சி மறைக்கவும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். என்ன குடித்தார் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். போத்தல் மிஞ்சியிருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உண்டு. காலத்தோடு கிடைத்தால் உயிரும் கண்ணும் பிழைக்கலாம்.

பாலில் தண்ணீர் கலந்தால் கூலி குறையும். கணக்கு அதோடு தீர்ந்துவிடும். சம்சுவில் மெத்தனால் கலந்தாலோ குடும்பமே கலங்கும். இதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.