பென் டிரைவில் வரும் புழு

விற்பனை விவரங்களைப் பென் டிரைவில் ஏற்றி ஆடிட்டர் அலுவலகத்துக்கும், பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்கும் கொண்டு போவது அரூர், பாலக்கோடு, பென்னாகரம் கடைக்காரர்களாகிய நமக்குப் பழகிய வேலை. திரும்பி வந்து செருகிப் பார்த்தால் ஃபோல்டர்களைக் காணோம். அதே பெயரில், மூலையில் சிறு அம்புக்குறியோடு ஷார்ட்கட்டுகள் நிற்கும். பாக்கிக் கணக்கு போயிற்றே என்று பதறி ஃபார்மட் செய்துவிட்டால்தான் நிஜமாகவே போகும். பிராப்பர்ட்டீஸில் பாருங்கள், நிரம்பிய இடம் குறைந்திருக்காது. புழு கணக்கை ஒளித்து வைத்திருக்கிறது, அவ்வளவே.

முன்பெல்லாம் டிரைவைச் செருகியதுமே ஆட்டோரன் வழியாகப் புழு தானே ஓடும். 2011-இல் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸிலும் அதை அடைத்தது. ஆகவே இப்போது நம் கையாலேயே கிளிக் செய்ய வைக்க இந்த ஷார்ட்கட் வேஷம். ஈரானின் அணு நிலையத்தைத் தாக்கி 2010-இல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட்டும் பென் டிரைவில் பரவியதுதான்; அது இந்தியக் கம்ப்யூட்டர்களிலும் காணப்பட்டது.

ஷார்ட்கட்டைத் தொடாதீர்கள். டிரைவைக் கழற்றிவிட்டு முதலில் கம்ப்யூட்டரை ஆன்டிவைரஸால் முழுதாகச் சோதியுங்கள். இல்லையேல் சுத்தம் செய்த டிரைவில் புழு மறுபடி ஏறும். பிறகு டிரைவைச் செருகிச் சோதியுங்கள். அடுத்து, மறைந்த ஃபைல்களையும் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களையும் காட்டும்படி விண்டோஸில் மாற்றுங்கள். சில புழுக்கள் பெயரே இல்லாத ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் திணித்திருக்கும். கணக்கு ஃபைல்களை மட்டும் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொண்டு, திறந்து பார்த்த பின் ஃபார்மட் செய்யலாம்.

ஊரார் டிரைவெல்லாம் ஏறி இறங்கும் ஜெராக்ஸ் கடைக்குப் பிரிண்டுக்கான ஃபைல் மட்டும் உள்ள தனி டிரைவ் போதும். கணக்கு டிரைவ் கல்லாப்பெட்டியிலேயே இருக்கட்டும்.