புண்ணுக்குள் ஒரு சாரம்

புதிதாக வீடு கட்டும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். சுவர் ஆள் உயரத்தைத் தாண்டியதும் சவுக்குக் கம்புகளை நட்டு, குறுக்கே கம்புகளைக் கயிற்றால் பிணைத்துச் சாரம் கட்டுவார்கள். கொத்தனார் அதன்மீது நின்று வேலை செய்வார். என்ன செய்ய வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிக்கொண்டே இருப்பார். வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். வீடு மட்டும் நிற்கும்.

இதே போன்ற சாரம் ஒன்றை, ஆறாத புண்ணுக்குள் கட்ட முடியுமா? முடியும் என்கிறது இன்றைய அறிவியல். அங்கே கொத்தனார்கள் நம் உடலின் செல்கள். மேஸ்திரியாக நின்று அவற்றை ஏவுபவை சில புரதங்கள். அந்த மேஸ்திரியை வேலை முடியும்வரை இடத்தைவிட்டு நகராமல் வைத்திருப்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

காயம் ஆறுவது எப்படி?

விளையாடும்போது முழங்காலில் சிராய்த்துக்கொள்கிறீர்கள். சில நிமிடங்களில் இரத்தம் உறைந்து நின்றுவிடுகிறது. உறைந்த இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், பைப்ரின் என்னும் புரத இழைகள் வலை போலப் பின்னிக் கிடப்பதைக் காணலாம். இது இயற்கையே கட்டும் சாரம். வலையில் சிக்கிய இரத்தத் தட்டுகள் சில புரதங்களை வெளியிடுகின்றன. இவற்றை 'வளர்ச்சிக் காரணிகள்' என்பர். "இங்கே வாருங்கள், பெருகுங்கள், நாரிழைகளை நெய்யுங்கள்" என்று சுற்றியுள்ள செல்களுக்குக் கட்டளை இடுபவை இவையே.

ஸ்டான்லி கோஹன் என்னும் அமெரிக்க அறிவியலார் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து இத்தகைய புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் கண் இமைகள் வழக்கத்தைவிட முன்னதாகவே திறந்தன. வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்தமைக்காக அவரும் ரீட்டா லெவி மொண்டால்சினி அம்மையாரும் 1986-இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆறாத புண்

நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களில் பலருக்குப் பாதத்தின் நரம்புகள் உணர்ச்சி இழக்கின்றன. முள் குத்தினாலும் செருப்புக் கடித்தாலும் தெரிவதில்லை. காலுக்கு வரும் இரத்த ஓட்டமும் குறையலாம். இந்நிலையில் சிறு காயமும் மாதக் கணக்கில் ஆறாத புண்ணாகிவிடுகிறது. கிருமிகள் எலும்பு வரை பரவினால் விரலையோ காலையோ எடுக்க நேரிடுகிறது.

அந்தப் புண்ணில் புரதங்களை அறுக்கும் நொதிகள் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும். அவை செல்கள் நெய்யும் நாரிழைகளை அரிக்கின்றன. வளர்ச்சிக் காரணிகளையும் சிதைக்கின்றன. சாரமும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. கொத்தனார்கள் என்ன செய்வார்கள்?

"அந்தப் புரதத்தை நாமே பூசிவிடலாமே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரத்தத் தட்டுகள் வெளியிடும் வளர்ச்சிக் காரணி கலந்த கூழ் மருந்து ஒன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-இல் ஒப்புதல் அளித்தது. சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணில் அதை நாள்தோறும் பூச வேண்டும். சிலருக்குப் பயன் கிடைத்தது, எல்லோருக்கும் அல்ல. இதற்கு ஒரு காரணத்தை இயற்பியல் சொல்கிறது.

ஒரு சிறு கணக்கு

நீரில் உள்ள மூலக்கூறுகள் ஓயாமல் மோதி மோதி இங்கும் அங்கும் அலைகின்றன. இதனால் பொருள்கள் பரவுவதை விரவல் என்கிறோம். விரவலுக்கு ஆகும் நேரம் தூரத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் இருக்கும்.

நேரம் = (தூரம் × தூரம்) ÷ (2 × விரவல் எண்)

சிறு புரதம் ஒன்றுக்கு நீரில் விரவல் எண், நொடிக்குச் சுமார் 100 சதுர மைக்ரோமீட்டர். அது 10 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு செல்லின் அகலம், செல்ல அரை நொடி போதும். 1 மில்லிமீட்டர் செல்ல 5000 நொடி, அதாவது 1 மணி 23 நிமிடம் ஆகும். 1 சென்டிமீட்டர் செல்லவோ ஏறக்குறைய 6 நாட்கள்! 3 மில்லிமீட்டருக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்கிடுங்கள்.

ஆகவே 1 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசிய மருந்திலிருந்து புரதம் ஓரிரு மணி நேரத்தில் வெளியேறிவிடும். புண்ணில் ஊறும் நீர் அதைக் கட்டுத்துணிக்கு அடித்துச் செல்லும். எஞ்சியதை நொதிகள் சிதைக்கும். புண் ஆறவோ வாரங்கள் வேண்டும்.

இந்த விதியை வீட்டிலேயே சோதிக்கலாம். கடைகளில் கிடைக்கும் சைனா கிராஸைக் காய்ச்சி, தட்டில் ஊற்றி உறையவிடுங்கள். நடுவே சிறு குழி செய்து கேசரிப் பவுடர் கரைசலை ஒரு சொட்டு விடுங்கள். குழியின் விளிம்பிலிருந்து நிறம் பரவிய தூரத்தை 1 மணி நேரம் கழித்தும் 4 மணி நேரம் கழித்தும் அளந்து பாருங்கள். நேரம் நான்கு மடங்கானாலும் தூரம் ஏறத்தாழ இரு மடங்குதான் ஆகியிருக்கும்.

சாரம் உருவாகிறது

சாரத்துக்கு ஏற்ற கம்பு எது? நம் தோலிலேயே இருக்கும் கொலாஜன் என்னும் நார்ப் புரதம்தான். மூன்று சங்கிலிகள் கயிறு போல முறுக்கிக்கொண்ட அதன் அமைப்பை, சென்னைப் பல்கலைக் கழக இயற்பியல் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து எக்ஸ் கதிர்களின் உதவியால் ஆராய்ந்து 1954-இல் வெளியிட்டார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அயோனிஸ் யானஸ், ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவருடன் சேர்ந்து, மாட்டின் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைச் சங்கிலிப் பொருளையும் கலந்து சாரம் செய்தார். செய்முறை எளிது. ஈரமான கலவையை உறைய வைத்தால், வளரும் பனிக்கட்டிப் படிகங்கள் இழைகளை ஒதுக்கித் தள்ளும். பிறகு வெற்றிடத்தில் வைத்தால் பனிக்கட்டி நீராகாமல் நேரே ஆவியாகிவிடும். பள்ளியில் படித்த பதங்கமாதல்தான்! படிகம் இருந்த இடம் துளையாக நிற்கும். விரைவாகக் குளிர்வித்தால் சிறு துளை. மெதுவாகக் குளிர்வித்தால் பெரிய துளை.

இந்தச் செயற்கைத் தோல் தீக்காயம் பட்டவர்களுக்குப் பயன்பட்டதை அவர்கள் 1981-இல் அறிவித்தனர். செல்கள் துளைகளுக்குள் நுழைந்து புதிய திசுவை நெய்கின்றன. சாரமோ மெல்லக் கரைந்து மறைகிறது. அமெரிக்காவில் இதற்குத் தீக்காயத்துக்காக 1996-இலும், சர்க்கரை நோய்ப் பாதப் புண்ணுக்காக 2016-இலும் ஒப்புதல் கிடைத்தது.

கடுகும் குளமும்

சாரத்தில் புரதத்தை ஊறவைத்தால் போதுமா? போதாது. துளையின் அகலம் சுமார் 100 மைக்ரோமீட்டர். புரதமோ சுமார் 4 நானோமீட்டர். புரதத்தை 2 மில்லிமீட்டர் கடுகு என்று கொண்டால், துளை 50 மீட்டர் அகலமுள்ள குளம் ஆகும்! குளத்தில் கடுகு நிற்குமா? துளை செல்களுக்காக உள்ளது; புரதத்தைப் பிடிக்க வேறு வழி வேண்டும்.

ஒரு வழி மின்னூட்டம். ஹெப்பாரின் என்னும் சர்க்கரைச் சங்கிலியில் எதிர் மின்னூட்டங்கள் நிறைந்துள்ளன. பல வளர்ச்சிக் காரணிகளில் நேர் மின்னூட்டம் உள்ள பகுதிகள் உண்டு. ஹெப்பாரினைச் சாரத்தில் பிணைத்துவிட்டால் அது புரதத்தைக் கவர்ந்து பிடித்துக்கொண்டு, சிறிது சிறிதாக விடும். இரண்டாவது வழி, தானே கரையும் தையல் நூலைப் போன்ற பொருளால் நுண்ணிய உருண்டைகள் செய்து அவற்றுள் புரதத்தை அடைப்பது. மூன்றாவது வழி விந்தையானது. புண்ணின் நொதிகளே அறுக்கக்கூடிய கண்ணியால் புரதத்தைச் சாரத்தில் கட்டுகிறார்கள். நொதி அறுக்க அறுக்கப் புரதம் விடுபடும். திருடன் கையில் சாவியைக் கொடுப்பது என்பார்களே, இங்கே அதுவே நன்மையாகிறது!

தோல் புண்களுக்கான இம்முறைகள் பெரும்பாலும் ஆய்வுக் கூடத்திலும் சோதனை நிலையிலுமே உள்ளன. அவசரப்படக் கூடாது என்பதற்கு ஒரு பாடமும் உண்டு. எலும்பை வளர்க்கும் புரதத்தைக் கொலாஜன் பஞ்சில் ஊறவைத்து முதுகெலும்பு அறுவையில் பயன்படுத்த அமெரிக்காவில் 2002-இல் ஒப்புதல் கிடைத்தது. பஞ்சிலிருந்து புரதம் விரைந்து கசிவதால், உடலில் இயல்பாக உள்ளதைவிடப் பன்மடங்கு கூடுதலாக வைக்க நேர்ந்தது. வேண்டாத இடங்களிலும் எலும்பு வளர்ந்தது. கழுத்தில் பயன்படுத்தியபோது சிலருக்கு ஆபத்தான வீக்கம் ஏற்பட்டதால் 2008-இல் எச்சரிக்கை விடப்பட்டது. எந்த மருந்து என்பதோடு, எங்கே, எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதும் மருத்துவமே.

நீங்கள் செய்யக்கூடியது

செங்கல் வரும் பாதை அடைபட்டால் நல்ல சாரமும் பயன்படாது. சர்க்கரை கட்டுப்பட வேண்டும். இரத்த ஓட்டம் வேண்டும். புண்ணின்மேல் எடை விழாமல் இருக்க வேண்டும். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? மென்மையான, சரியான அளவுள்ள காலணி உடல் எடையைப் பாதம் முழுவதும் பரப்புகிறது.

உங்கள் வீட்டில் சர்க்கரை நோயுள்ள தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இன்றிரவு அவர்கள் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாத அவர்களுக்குத் தம் பாதம் தெரிவதில்லை. மரத்துப்போன பாதம் வலித்துச் சொல்வதும் இல்லை. கீறலோ கொப்புளமோ தெரிந்தால் மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாரமே தேவைப்படாத நிலைதான் எல்லாவற்றிலும் சிறந்தது.