அகன்ற திரையிற் பழைய படங்கள்

சில காலத்துக்கு முன் ஒரு விழா மண்டபத்திலே, பழைய பரிசளிப்பு விழாவொன்றின் வீடியோப் பதிவைத் தொலைக்காட்சியிற் காட்டினார்கள். எமக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் மெலிந்து நெடிதுயர்ந்த தோற்றத்தினர். திரையிலோ அவர் பருத்துக் குறுகிய உருவினராய் நின்றார். அவர் மறைந்து ஆண்டுகள் பல சென்றன; அவரைக் கண்டறியாத மாணவர் அவ்வுருவையே அவருருவெனக் கொண்டனர். எம்மருகிருந்த அவர் மகளார், "அப்பா இப்படி இல்லையே, சேர்" என்று மெல்லக் கூறினார். பிழை எங்குளதென்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

பழைய தொலைக்காட்சிப் படத்தின் அகலம் 4 பங்காயின் உயரம் 3 பங்கு. 1890களில் எடிசனின் ஆய்வுகூடத்தில் அமைந்த சினிமாப் படச்சுருளின் அளவு இது. தொலைக்காட்சியும் அதனையே மேற்கொண்டது. 1982 இல் ரூபவாகினி தொடங்கிய காலத்துப் பெட்டிகளும் இவ்வளவினவே. சினிமாவோ தொலைக்காட்சியோடு போட்டியிட வேண்டி, 1953 இல் சினிமாஸ்கோப் எனும் அகன்ற திரைக்குச் சென்றது. இரண்டிற்கும் இடைப்பட்டதாக 1980களில் வகுக்கப்பட்டதே இன்றைய 16:9.

கணக்கு எளிது. திரையின் உயரம் 9 ஆயின் பழைய படம் 12 அகலமே கொள்ளும். எஞ்சிய 4 பங்கு, இருமருங்கும் இரண்டிரண்டாகக் கறுத்துக் கிடக்கும். இக்கறுப்பைப் பொறாதார் செய்வன இரண்டு. ஒன்று, 12 ஐ 16 ஆக இழுத்தல். கல்லடிப் பாலத்தின்மேல் எழும் முழுமதியும் அப்போது வாத்து முட்டையாகும். மற்றையது, படத்தைப் பெருப்பித்து மேலுங் கீழும் வெட்டுதல். உயரத்தில் நாலிலொரு பங்கு போய்விடும்.

வெட்டுதலே கொடிதென்பது எம் கருத்து. நம் வகுப்புக் குழுப்படங்களை எண்ணிப் பாருங்கள். பின்னே வாங்கின்மேல் ஏறி நிற்போர், முன்னே தரையில் அமர்ந்த சிறுவர், அவர்தம் காலடியில் மட்டையில் எழுதிய பெயர்கள் ஆகிய மூன்றுமே வெட்டுக்கு இரையாவன. அதிபரும் ஆசிரியரும் நடுவில் இருத்தலின் தப்பிவிடுவர்! 1978 நவம்பர்ச் சூறாவளியிலும், போரிலும், 2004 ஆழிப்பேரலையிலும் வீட்டோடு படங்களையும் இழந்த குடும்பங்கள் இவ்வாவிக் கரையிற் பல. ஒரு பிள்ளையின் எஞ்சிய ஒரே உருவம் அக்கடைசி வரிசையில் இருத்தல் கூடும்.

ஆதலின் ரிமோட்டை எடுத்து, படவளவுப் பட்டியலில் 4:3 அல்லது 'ஒரிஜினல்' என்பதைத் தெரிக. ஐயமுளதேல், படத்தில் நம்மை நேரே நோக்கும் வட்டப் பொருளொன்றை, சுவர்க் கடிகாரத்தையேனும் சைக்கிள் சில்லையேனும், அடிமட்டத்தால் அளக்க. அகலமும் உயரமும் ஒத்தல் வேண்டும்.

நாடாக்களைக் கணினிக்கு மாற்றக் கொடுப்போர், "4:3 ஆகவே வைக்க, இழுக்கவும் வெட்டவும் வேண்டா" எனத் துண்டில் எழுதிக் கொடுத்தல் நன்று. இழுத்துப் பதிந்ததைப் பின்னர் ஒடுக்கலாம். வெட்டிப் பதிந்தது மீளாது. நிழற்படங்களை ஒட்டிய மட்டையோடு முழுதாக ஸ்கேன் செய்க. 35 மி.மீ. படம் 3:2 ஆதலின் திரையில் 13½ பங்கு கொள்ளும். சதுரப் படம் 9 பங்கே. வெற்றிடத்தை அதே படத்தின் மங்கலால் நிரப்பும் வழக்கமும் இப்போதுண்டு. நடுவிலிருப்பவரை நோக்கவிடாது அது கண்ணைப் பறிக்கின்றது. கறுப்பே எமக்கு உவப்பு.

அன்று, பதிவு முடியுமுன் மாணவனொருவன் ரிமோட்டை வாங்கி அளவை மாற்றினான். ஆசிரியர் மீண்டும் மெலிந்தார். மகளார் தம் நாற்காலியைச் சற்று முன்னே இழுத்து அமர்ந்தார்.